கை நீளம்

பேரணாம்பட்டிலிருந்து ஹாம்பர்க் போகிறது ஷூ.
அதன் பில் மட்டும்
வழியில் ஒரு தீவில் இறங்கி ஏறுகிறது.
தீவின் பெயரைச் சொன்னால் ஆடிட்டர் கோபிப்பார்.
அங்கே எங்களுக்கு ஒரு கம்பெனி உண்டு.
மேசை கிடையாது, ஃபேன் கிடையாது,
சுவரில் வரிசையாகத் தபால்பெட்டிகள்,
அதில் 4417 நாங்கள்.

நான்தான் டைப் அடிக்கிறேன்.
ஒரு ஜோடி, அடக்கம் அறுநூற்று நாற்பது.
தீவுக்கு விற்பது அறுநூற்று ஐம்பத்தைந்து.
தீவு ஹாம்பர்க்குக்கு விற்பது
இரண்டாயிரத்து நூறு.
கப்பல் தீவுப் பக்கமே போவதில்லை.
பசை நெடி தில்ஷாத்தின் தொண்டையில்,
ஊசி ஏறிய தழும்பு அவள் கட்டைவிரலில்,
லாபம் மட்டும்
கடல்காற்று வாங்கப் போயிருக்கிறது.

பண்டிகைக்கு முன் கேட்டில் ஒட்டிய நோட்டீசும்
நான் அடித்ததே.
"இவ்வாண்டு லாபம் சொல்லும்படி இல்லை.
போனஸ், சட்டம் சொல்லும் குறைந்தபட்சம்."
சொல்லும்படி இல்லை என்பதில்
பொய் ஏதும் இல்லை, யோசித்தால்.

வேலூரிலிருந்து வரும் ஆடிட்டர் சடகோபன்
இளநீர் உறிஞ்சிக்கொண்டே விளக்கினார்:
வரி ஏய்ப்பு வேறம்மா, வரி தவிர்ப்பு வேறு.
முதலாவதுக்கு ஜெயில்.
இரண்டாவதுக்கு என் ஃபீஸ்.
சொந்தக் கம்பெனிக்கே விற்றாலும்
முன்பின் தெரியாதவனுக்கு விற்கிற விலை வேண்டும்,
அதற்குப் பெயர் கைநீள விலை.
எங்க ஊர்ல கை நீளம்னா வேற சார், என்றேன்.
வாய்விட்டுச் சிரித்தார்.
பிறகு அதை
நாற்பத்தாறு பக்கத்தில் நிரூபித்தார்.

யாரைச் சொல்வது.
ஜி.எம்.மைக் கேட்டால் சென்னை போர்டு என்கிறார்.
போர்டு, ஆடிட்டர் சொன்னபடி.
ஆடிட்டர், தீவோடு ஒப்பந்தம் போட்ட சர்க்கார்.
சர்க்கார் புது ஷெட்டுக்கு ரிப்பன் வெட்ட வந்தபோது
ஆரத்தித் தட்டு என் கையில்.
எவரோ தள்ளுபடியில் வாங்கிப் போட்டுக்கொண்டு
ஹாம்பர்க் மழையில் நடக்கிறார்,
அவருக்கு எங்கள் ஊர் பெயர் வாயில் நுழையாது.
மாதம் முதல் தேதி
என் சம்பளத்தில் பிடித்தது போக
மீதியை எண்ணிக்கொள்கிறேன்.
அதற்குத் தீவு கிடையாது.

குடியிருப்பது வி.கோட்டாவில்.
ஆறு இருபது பஸ், மலை ஏறும்போது காதடைக்கும்.
பத்தலப்பல்லி செக்போஸ்டில் ஒருநாள்
பக்கத்து சீட் கெங்கம்மாவை இறக்கினார்கள்.
சீட்டுக்கடியில் இரண்டு மூட்டை.
கீழே அதற்கு விலையில்லா அரிசி என்று பெயர்.
மலைக்கு அந்தப் பக்கம் கிலோ பதினெட்டு.
எல்லை தாண்டினால் விலை ஏறும்,
அதைத்தான் அவளும் கண்டுபிடித்திருந்தாள்.
நாற்பத்தாறு பக்கம் எழுத அவளுக்கு ஆளில்லை.
ஏய்ப்பு என்றோ தவிர்ப்பு என்றோ கேட்காமல்
போலீஸ்காரர் மூன்றாவது சொல்லை எழுதினார்,
கடத்தல்.
ஒரு மூட்டை என்னுடையது என்று சொல்லியிருக்கலாம்.
ஜன்னல் கம்பியில்
சொட்டுவதை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நேற்று மறுபடி ஏறினாள்,
மடியில் ஒரு மஞ்சள் பை மட்டும்.
என் கழுத்து அட்டையைப் பார்த்துவிட்டு,
உங்க கம்பெனில ஆள் எடுக்கறாங்களா,
கூட்டிப் பெருக்கறதுன்னாலும் சரி, என்றாள்.

நஷ்டத்துல ஓடுதுக்கா, என்றேன்.
எவ்வளவு சரளமாக வந்தது.

அவள் நம்பினாள்.
அய்யோ பாவமே என்று என்னைப் பார்த்தாள்.
பைக்குள் துழாவி
ஒரு பிடி வறுத்த வேர்க்கடலையை எடுத்தாள்.
கை நீட்டி
வாங்கிக்கொண்டேன்.